கர்ப்பகாலத்தில் மது: பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆகிறது, என்ன செய்யலாம்

கேள்வி இது: கர்ப்பம் என்று தெரியாமல் ஆறாவது வாரம் வரை வார இறுதிகளில் குடித்திருக்கிறேன், தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின் குடித்தால் பரவாயில்லை என்கிறார்களே, உண்மையா? பாதிப்பு இருந்தால் குழந்தை பிறந்தவுடன் தெரிந்துவிடுமா?

முதலில் சுருக்கமான பதில். தெரிந்த அன்றே நிறுத்தியது சரியான காரியம். தெரியாமல் கொஞ்சம் குடித்துவிட்டோம் என்பதற்காக மட்டும் கருவைக் கலைக்க மருத்துவ ரீதியாகக் காரணம் இல்லை. 'இவ்வளவு வரை குடிக்கலாம்' என்று எந்த டாக்டராலும் ஓர் அளவு சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படி ஓர் அளவு இதுவரை கண்டறியப்படவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் தப்பாகப் பதில் சொல்கிறார்கள். பிறந்தவுடன் கண்ணுக்குத் தெரிவது பாதிப்பில் சிறு பங்குதான். பெரும்பங்கு மூளையில் இருக்கிறது, அது வெளிப்பட வருடங்கள் ஆகலாம். 'குழந்தை கொழுகொழுவென்று பிறந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை' என்று பிரசவ அறையிலேயே முடிவுகட்ட முடியாது.

மதுவில் இருக்கும் எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். நஞ்சுக்கொடி தடுத்து நிறுத்தும் பொருள்களின் பட்டியலில் அது இல்லை. தாய் குடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே கருவின் ரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவு மது ஏறிவிடுகிறது. தாயின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரை உடைத்துவிடும். கருவின் கல்லீரலிலோ அந்த வேலையைச் செய்ய வேண்டிய நொதி மிகக் குறைவு. ஆகவே மதுவைத் தொப்புள்கொடி வழியாகத் தாய்க்கே திருப்பி அனுப்புவதைத் தவிரக் கருவுக்குப் பெரிதாக வேறு வழியில்லை. கொஞ்சம் மது சிறுநீராகப் பனிக்குட நீரிலும் கலக்கிறது. கரு அந்த நீரையே மறுபடி விழுங்குகிறது. இதனால், தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் கரு மதுவில்தான் இருக்கிறது.

உள்ளே போய் அது செய்யும் சேதம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. முகத்தின் எலும்புகளும் இதயத்தின் சில பகுதிகளும் நரம்பு முகட்டுச் செல்கள் என்ற ஒரு கூட்டத்திலிருந்து உருவாகின்றன. அவை கருவின் முதுகுப்புறத்திலிருந்து கிளம்பி உரிய இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். அதற்கு வழிகாட்டுவதில் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. அந்த அமிலத்தை உருவாக்கும் நொதிகளை எத்தனால் பிடித்து வைத்துக்கொள்வதால் உற்பத்தி குறைகிறது, செல்கள் வழியிலேயே செத்துப் போகின்றன. பிந்தைய மாதங்களில் கதை வேறு. வளரும் மூளையில் ஒரு நரம்பு செல் பிழைத்திருக்க, பக்கத்துச் செல்களிடமிருந்து சமிக்ஞை வந்துகொண்டே இருக்க வேண்டும். மது அந்தச் சமிக்ஞையை மட்டுப்படுத்தும்போது, தான் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. எலிக்குட்டிகளில் இது தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. இவை போக, நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ஆக்சிஜன் குறைவதும், ஃபோலேட், துத்தநாகம், கோலின் போன்ற சத்துகள் குறைவதும் சேர்ந்துகொள்கின்றன. ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டுக்கொண்டால் மதுவின் பாதிப்பு போய்விடும் என்பது உண்மையல்ல. மாத்திரை அவசியம், ஆனால் அது மதுவுக்கு முறிவு இல்லை.

எந்த வாரம் என்ன ஆகும்

வாரக் கணக்கில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. டாக்டர் 'ஆறு வாரம்' என்றால் அது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு உண்மையில் உருவாகி நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். உருவான முதல் இரண்டு வாரங்களில் கருவுக்கும் தாயின் ரத்தத்துக்கும் இடையே முழுமையான தொடர்பு ஏற்படவில்லை. அப்போது பெரிய அடி விழுந்தால் பெரும்பாலும் கரு தங்காமல் போகும், தங்கினால் உறுப்புக் குறைபாடு அரிது. மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறுகிறது. முகத்துக்கு அடித்தளம் விழுவதும் இதயம் உருவாகத் தொடங்குவதும் அப்போதுதான். டாக்டரின் கணக்கில் அது ஐந்தாவது வாரம், அதாவது மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு வாரம்கூட ஆகாத நேரம். கேள்வியில் சொன்ன காலம் இந்த இடத்தைத் தொடுகிறது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஆபத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017-இல் வெளியான உலகளாவிய கணக்கீடு ஒன்று, கர்ப்பத்தில் குடித்த பெண்களில் சுமார் 67 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில்தான் குழந்தைக்கு முழுமையான எஃப்.ஏ.எஸ். வருவதாக மதிப்பிட்டது. கருநிலை மது நோய்க்குறியைத்தான் மருத்துவமனைகளில் எஃப்.ஏ.எஸ். என்று சொல்வார்கள். முகம், வளர்ச்சி, மூளை மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்ட நிலை அது. அதைவிட லேசான, ஆனால் அதைவிட அதிகம் காணப்படும் நிலைகளையும் சேர்த்து எஃப்.ஏ.எஸ்.டி. என்பார்கள்.

மூளைக்கு மட்டும் 'இந்த வாரத்தோடு ஆபத்து முடிந்தது' என்ற கெடு கிடையாது. கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாகப் பெருக்கிறது. 'உறுப்பெல்லாம் உருவாகிவிட்டது, இனி கொஞ்சம் குடித்தால் என்ன' என்று ஏழாம் மாதத்தில் நினைப்பது, ஆறாம் வாரத்தில் தெரியாமல் குடித்ததைவிட மோசமான தவறாக முடியலாம். இதையே மறுபக்கமிருந்து பார்த்தால் ஆறுதலும் இருக்கிறது: நான்காம் மாதத்தில் நிறுத்தினாலும் சரி, எட்டாம் மாதத்தில் நிறுத்தினாலும் சரி, மீதியுள்ள மூளை வளர்ச்சி தப்பிக்கிறது.

'ஒரு கிளாஸ்' என்றால் எவ்வளவு

குடித்ததைக் கிளாஸ் கணக்கில் சொன்னால் யாருக்கும் புரியாது. கிராம் கணக்குப் போடுங்கள்: மில்லிலிட்டரைப் பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்குங்கள். 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம் மது. 12 சதவீத ஒயின் 150 மி.லி. என்றால் 14 கிராம். 40 சதவீத விஸ்கி, பிராந்தி, ரம், ஓட்கா எதுவானாலும் 60 மி.லி.யில் 19 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 41 கிராமுக்கு மேல், அதாவது இரண்டு 60 மி.லி. விஸ்கியைவிட அதிகம். 'பீர்தானே, லேசானது' என்பது இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. கருவுக்குப் போய்ச் சேர்வது எத்தனால்தான். அது திராட்சையிலிருந்து வந்ததா, பார்லியிலிருந்து வந்ததா என்பதில் வித்தியாசமில்லை.

ஒரே மூச்சில் அதிகம் குடிப்பதுதான் ரொம்ப மோசம். வாரம் முழுதும் பரவலாகக் குடித்த அதே அளவை ஒரே இரவில் குடித்தால், ரத்தத்தில் மதுவின் உச்சம் பல மடங்கு ஏறும். அந்த உச்சத்தைப் பொறுத்துத்தான் சேதம் கூடுகிறது என்பதை விலங்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரே வேளையில் சுமார் 55 கிராம், அதாவது மேலே சொன்ன சின்ன பீர் நான்கு, ஒரு பெண்ணுக்கு 'அளவு மீறிய குடி' என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைந்த அளவு விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசுவதில்லை. சில ஆய்வுகள் எந்த வேறுபாட்டையும் காணவில்லை, சில நடத்தையிலும் கவனத்திலும் சிறு மாற்றங்களைக் கண்டன. குறைவாகக் குடிக்கும் பெண்கள் பெரும்பாலும் வசதியிலும் படிப்பிலும் மேலே இருப்பவர்கள். அந்தச் சாதகம் சிறு பாதிப்பை மறைத்துவிடக்கூடும் என்பதால், 'ஒன்றும் இல்லை' என்று வந்த முடிவுகளை நான் அப்படியே நம்பமாட்டேன். 'பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை' என்பது 'பாதுகாப்பானது' ஆகிவிடாது.

'என் அம்மா குடித்தார், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. ஒரே வயிற்றில் ஒரே மதுவுக்கு ஆளான இரட்டையரில், ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் ஒரே மாதிரி பாதிக்கப்படுகிறார்கள். தனித்தனிக் கருவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மற்றவர் கிட்டத்தட்டத் தப்பியதும் உண்டு. மரபணு, தாயின் வயது, உடல் எடை, சாப்பாடு, மதுவை உடைக்கும் வேகம் எல்லாம் சேர்ந்து விளைவைத் தீர்மானிக்கின்றன. நம் கரு எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இல்லை.

இதெல்லாம் மருத்துவத்துக்குப் புரிந்ததே தாமதமாகத்தான். 1960-களிலும் 70-களிலும் குறைமாதப் பிரசவத்தை நிறுத்தக் கர்ப்பிணிகளின் நரம்பில் ஆல்கஹாலையே ஏற்றினார்கள். 1968-இல் பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதியதை வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இதற்குப் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பிறந்த குழந்தையிடம் என்ன பார்க்க வேண்டும்

கருச்சிதைவு, வயிற்றிலேயே இறப்பு, குறைமாதம், எடைக்குறைவு ஆகியவற்றின் ஆபத்து மதுவால் கூடுகிறது. குறைமாதத்தில் பிறந்தால் மூச்சுத்திணறல், தொற்று, மஞ்சள் காமாலை என்று தனி வரிசை தொடங்கும்.

பிரசவத்துக்குச் சற்று முன்புவரை தாய் அதிகம் குடித்திருந்தால், குழந்தை சோர்ந்து, மூச்சு மெதுவாகி, ரத்தச் சர்க்கரை குறைந்து பிறக்கலாம். தினமும் குடித்தவராக இருந்தால் வேறொரு சிக்கல்: தொப்புள்கொடியை வெட்டியதும் குழந்தைக்கு மது வருவது நின்றுவிடுகிறது, பிறந்த 3 முதல் 12 மணி நேரத்துக்குள் விடுபடும் அறிகுறிகள் ஆரம்பிக்கலாம். கைகால் நடுக்கம், விடாத கீச்சென்ற அழுகை, தூக்கமின்மை, அதிக வியர்வை, உறிஞ்சத் தெரியாமல் திணறுவது, சில சமயம் வலிப்பு. நடுங்கும் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் அது நடுக்கம். பிடித்தாலும் கைக்குள் துடித்துக்கொண்டே இருந்தால், கண் ஒரு பக்கமாகச் செருகினால் வலிப்பாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். வெறும் நடுக்கம் என்றாலும் குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் சர்க்கரை குறைந்தாலும் இதே நடுக்கம்தான் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் மூளைக்குச் சேதம். விடுபடும் நிலையில் உள்ள குழந்தைக்கு மங்கிய வெளிச்சம், சத்தமில்லாத அறை, இதமாகச் சுற்றிய துணி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் ஆகியவை நன்றாக வேலை செய்யும். வலிப்போ கடும் அவஸ்தையோ இருந்தால் மருந்து தேவைப்படும்.

எஃப்.ஏ.எஸ். முகத்துக்கு மூன்று அடையாளங்கள்: கண் திறப்பு நீளம் குறைவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கித் தட்டையாக இருப்பது, மேலுதட்டின் சிவந்த பகுதி மெலிந்து கோடுபோல் இருப்பது. கண் திறப்பை உள்மூலையிலிருந்து வெளிமூலைவரை சிறு ஸ்கேலால் அளப்பார்கள். உதட்டுக்கும் பள்ளத்துக்கும் 1 முதல் 5 வரை எண்ணிட்ட படங்கள் கொண்ட அட்டை இருக்கிறது. குழந்தை அழாமல், சிரிக்காமல், வாய் லேசாக மூடியிருக்கும்போது ஒப்பிட்டு, 4 அல்லது 5-க்கு ஒத்துப்போனால்தான் கணக்கில் எடுப்பார்கள். சிரிக்கும் முகத்தில் எவருக்குமே உதடு மெலிந்துதான் தெரியும். பிறந்த சில நாட்களில் முகம் வீங்கியும் மூக்கு அமுங்கியும் இருப்பதால் இந்த அளவுகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. ஒரு வயதுக்கு மேல்தான் தெளிவாகும், வயதுக்கு வரும்போது மறுபடி மங்கிவிடும். கைப்பேசியில் குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படுவதால் ஒரு பயனும் இல்லை.

முகத்தைவிடத் தலைச்சுற்றளவு முக்கியம், ஆனால் அதைத்தான் அவசர அவசரமாக அளந்துவிடுகிறார்கள். நீளாத டேப்பை முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலும், பின்பக்கம் தலை மிகத் துருத்தியிருக்கும் இடத்திலும் வைத்து, மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எழுத வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் 33 முதல் 36 செ.மீ. வரை இருக்கும். சுகப்பிரசவத்தில் தலை நசுங்கி நீண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அளப்பது நல்லது. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, வளர்ச்சி அட்டவணையில் மாதாமாதம் புள்ளி வைத்து வரும் கோடுதான் பேசும். நூறு குழந்தைகளில் கடைசிப் பத்துக்குள் விழும் அளவும், ஏறாமல் தட்டையாகப் போகும் கோடும் கவனத்துக்குரியவை.

மது அருந்திய விவரம் தெரிந்திருந்தால் டாக்டர்கள் இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், செவித்திறன் சோதனை, கண் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி யோசிப்பார்கள். இதய அறைச் சுவரில் ஓட்டை, சிறுநீரகம் சிறுத்திருப்பது அல்லது இரண்டும் ஒட்டியிருப்பது, பார்வை நரம்பு மெலிவு, முழங்கை சரியாகத் திரும்பாமை, சுண்டுவிரல் வளைவு போன்றவை இவர்களிடம் சற்று அதிகம். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: முதல் மூன்று மாதத்துக்குப் பிறகும் குடியையும் புகையையும் சேர்த்துத் தொடர்ந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு, தூக்கத்தில் திடீரென இறக்கும் ஆபத்து, இரண்டுமே இல்லாதவர்களின் குழந்தைகளைவிட ஏறத்தாழ 12 மடங்கு என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. அப்படிப்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கெட்டியான மெத்தையில், தலையணையோ கனத்த போர்வையோ இல்லாமல், தனிப் படுக்கையில் ஆனால் அதே அறையில் தூங்கவைக்க வேண்டும்.

கர்ப்பகால ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தால் அது உறுப்புகளின் அமைப்பைப் பற்றிய செய்தி. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று சரியாக இணைந்தனவா என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முக அடையாளமே கிடையாது. அறிவுத்திறன் எண் சராசரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு ஏறாது, நேற்றுத் தெரிந்த பாடம் இன்று தெரியாது, மூன்று வேலையை ஒன்றாகச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடும், ஒரு தடவை தண்டனை வாங்கித் தந்த அதே தவறு மறுநாளும் வரும். பள்ளியில் 'அடங்காத பிள்ளை' என்ற பெயர் கிடைக்கும், காரணத்தை யாரும் கர்ப்பகாலத்தில் தேடமாட்டார்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது

வெட்கத்தில் மறைப்பது குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பைப் பறித்துவிடுகிறது. எந்த வாரம்வரை, எந்த மது, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., வாரத்தில் எத்தனை நாள், கூடவே புகை அல்லது வேறு மாத்திரை இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மகப்பேறு டாக்டரிடம் மட்டுமல்ல, குழந்தை டாக்டரிடமும் இந்தத் தாள் போக வேண்டும். பரிசோதனைகளும் உண்டு, ஆனால் அவை நினைவுக்கு ஈடாகா. மது குடித்தால் ரத்தத்தில் உண்டாகும் பெத் என்ற பொருளைத் தாயிடம் பார்த்தால் கடந்த இரண்டு முதல் நான்கு வாரக் குடி தெரியும். குழந்தையின் முதல் கருப்பு மலத்தில், மதுவும் கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் கொழுப்பு அமில எத்தில் எஸ்டர்களைப் பார்த்தால் கர்ப்பத்தின் பின்பாதி தெரியும், அதையும் முதல் இரண்டு நாட்களில் எடுத்தால்தான் உண்டு. ஆறாம் வாரத்தோடு நிறுத்தியவருக்குப் பிரசவ நேரத்தில் இரண்டுமே ஒன்றும் காட்டாது. எழுதிக் கொடுத்த தாள்தான் ஒரே சான்று.

தினமும் குடித்துப் பழகியவர், காலையில் கை நடுங்கினால் ஒரு மடக்கு குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் பிதற்றலும் வரலாம். தாய்க்கு வலிப்பு வந்தால் கருவுக்கு ஆக்சிஜன் நின்றுபோகும். இவர்களை மருத்துவமனையில் சேர்த்து, குறுகிய காலத்துக்கு மருந்து கொடுத்து, தயாமின் (வைட்டமின் பி1) ஏற்றி, கருவின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி நிறுத்த வைப்பார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கர்ப்பத்தில் தவிர்க்கிறார்கள். அதை யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வேலை கர்ப்பிணியிடம் மிக ஆபத்தானது. வீட்டில் கணவர் குடித்துக்கொண்டே மனைவியை நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். பாட்டில் வீட்டைவிட்டே போக வேண்டும்.

ஏற்கெனவே நடந்த சேதத்தை மாற்றும் மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் நிச்சயம் உண்டு. ஆறு வயதுக்கு முன் நோய் கண்டறியப்பட்டு, அடிதடி இல்லாத நிலையான வீட்டில் வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் பள்ளியிலிருந்து விலகுவதும் சட்டச் சிக்கலில் மாட்டுவதும் குறைவு. ஆகவே குழந்தை நன்றாகத் தெரிந்தாலும் 9, 18, 30 மாதங்களில் வளர்ச்சிப் படிகளைச் சோதிக்கவும், பள்ளி சேரும்முன் பேச்சு, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றை ஒருமுறை முறையாகப் பார்க்கவும் கேளுங்கள். பின்தங்கினால் பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எதையும் 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போட வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் பற்றிய கேள்வி வரும். பாலில் இருக்கும் மது ரத்தத்தில் இருக்கும் அளவேதான். ரத்தத்தில் குறைந்தால் பாலிலும் தானாகக் குறையும், பீய்ச்சிக் கொட்டுவதால் வேகமாகக் குறையாது. சின்ன பீர் ஒன்று, அதாவது 13, 14 கிராம் குடித்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் பால் கொடுக்காமல் இருக்க வேண்டும், இரண்டு குடித்தால் நான்கு மணி நேரம். பீர் குடித்தால் பால் ஊறும் என்பதும் தப்பு: பாலைச் சுரந்து வெளியே தள்ளும் ஆக்ஸிடோசினை மது அடக்குவதால், குழந்தைக்குக் கிடைப்பது குறைகிறது. குடித்த நாளில் குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கவே கூடாது, குழந்தையைக் கவனிக்கப் போதையில்லாத ஒருவர் அறையில் இருக்க வேண்டும்.